நோயாளி முடிவெடுக்கட்டும், ஊரும் பேசட்டும்: ஆரம்ப நிலை மருத்துவம் எப்படி உதவலாம்?

ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் மருத்துவரைப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடம் முழுவதும் சேர்த்தால் ஒரு மணி நேரம். மீதி 8,759 மணி நேரமும் நோயைப் பார்த்துக்கொள்வது அவர்தான். எவ்வளவு சாப்பிடுவது, மாத்திரையை எப்போது போடுவது, காலில் வந்த சின்னப் புண்ணை இன்றே காட்டுவதா நாளைக்குப் பார்த்துக்கொள்வதா, திடீரென்று வியர்த்து உடம்பு நடுங்கினால் என்ன செய்வது என்று எல்லா முடிவும் அவர் கையில் இருக்கிறது.

அந்த முடிவுகளை எடுக்கத் தேவையான விவரமும் துணிவும் வசதியும் அவரிடம் இருக்கிறதா என்பதைப் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. சீட்டு எழுதிக் கொடுத்து, செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை சர்க்கரை கூடியிருந்தால், 'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று அவர்மேலேயே குறை வருகிறது.

இந்தக் குறையைச் சரிசெய்யும் வேலையைத்தான் சுகாதாரத் துறையில் நோயாளிகளுக்கும் சமூகத்துக்கும் அதிகாரமளித்தல் என்கிறார்கள். கேட்கப் பெரிய விஷயமாகத் தோன்றும். உள்ளே இருப்பது எளிது: தன் உடம்பைப் பற்றிய முடிவில் ஒருவருக்குச் சொல்லும் இடமும், அதைச் செயல்படுத்தும் திறனும் இருக்க வேண்டும். ஓர் ஊருக்கோ குடியிருப்புக்கோ தன் ஆரோக்கியத்தைப் பாதிக்கும் விஷயங்களில் அதேபோல் இடம் இருக்க வேண்டும். 1978இல் அன்றைய சோவியத் யூனியனின் அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட பிரகடனம், சுகாதாரப் பணிகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமை என்றே சொன்னது. 1986இல் வந்த ஒட்டாவா சாசனமும் இதையே வேறு விதமாகச் சொன்னது. தங்கள் ஆரோக்கியத்தின் மீது மக்களுக்கு இருக்கும் பிடியைக் கூட்டுவதுதான் ஆரோக்கிய மேம்பாடு என்பது அதன் நிலைப்பாடு.

சரி, இதைப் பெரிய மருத்துவமனைகள் செய்யக் கூடாதா? செய்யலாம். ஆனால் அதற்கான இடம் முதலில் ஆரம்ப நிலை மருத்துவம்தான்.

ஏன் இங்கே தொடங்க வேண்டும்

1961இல் கெர் வைட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். 1,000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறை வருகிறது. அதில் 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போவது ஒரே ஒருவர். மருத்துவப் படிப்பும் பணமும் பெரும்பாலும் அந்த ஒருவரைச் சுற்றியே நடக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்டத்தான் இந்தக் கணக்கு.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. உடம்பு சரியில்லாத 750 பேரில் 500 பேர் யாரிடமும் போகவில்லை. பொறுத்துக்கொண்டார்கள், வீட்டு வைத்தியம் பார்த்தார்கள், தெரிந்தவரிடம் கேட்டார்கள், ஓய்வெடுத்தார்கள். எந்தச் சமூகத்திலும் சிகிச்சையின் பெரும்பகுதியை ஏற்கெனவே மக்களே செய்துகொண்டிருக்கிறார்கள். ஆக, இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. இருப்பதை மதித்து, அது தடுமாறும் இடத்தில் கைகொடுத்தால் போதும்.

மருத்துவரைப் பார்க்க வரும் 250 பேரில் பெரும்பாலோர் முதலில் ஏறும் வாசல் ஆரம்ப நிலை மருத்துவம். குடும்ப மருத்துவர், செவிலியர், கிராம சுகாதாரப் பணியாளர், மருந்தாளுநர் எல்லாரும் இதில் அடங்குவார்கள். இந்தத் துறையை ஆழமாக ஆராய்ந்த பார்பரா ஸ்டார்ஃபீல்டு அதன் குணங்களாக நான்கைச் சொன்னார்: எந்தப் பிரச்சினைக்கும் முதலில் வரக்கூடிய இடம், வருடக்கணக்கில் தொடரும் உறவு, உடம்பின் ஒரு பகுதியை மட்டும் பார்க்காத முழுமை, மற்ற மருத்துவர்களிடம் போய் வருவதை ஒருங்கிணைப்பது. இரண்டாவது குணம்தான் நம் விஷயத்துக்கு உயிர்நாடி. ஒருவரைப் பத்து வருடமாகப் பார்க்கும் செவிலியருக்கு அவர் எதற்குப் பயப்படுவார், வீட்டில் யார் முடிவெடுப்பார், எந்த மாதம் கையில் பணம் இருக்காது என்பதெல்லாம் தெரியும். ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போவதற்கும் இறப்பு விகிதத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த 22 ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 18 ஆய்வுகளில், தொடர்ச்சி கூடக்கூட இறப்பு குறைந்திருந்தது.

அறைக்குள் நடப்பது

முதலில் காது. 1984இல் அமெரிக்காவில் மருத்துவர்களின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். 'விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள், வரிசையில் இன்னும் 40 பேர் நிற்கிறார்கள்' என்பது வழக்கமாக வரும் பதில். ஆனால் 2002இல் சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில், குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் தாங்களாகப் பேசி முடிக்க எடுத்துக்கொண்டது சராசரியாக 92 வினாடி. பத்தில் எட்டுப் பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் ஒரு மருத்துவர் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த இரண்டு நிமிடத்தில் என்ன வரும் என்பதற்கு ஒரு கற்பனைக் காட்சி. 54 வயதுப் பெண். ரத்த அழுத்தம் 160/100. மூன்று மாதமாக நீர்பிரியும் மாத்திரை எழுதிக் கொடுத்தும் இறங்கவில்லை. அவசரத்தில் இருக்கும் மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்துவிடுவார். கொஞ்சம் நிதானமானவர் இப்படிக் கேட்கிறார்:

"தினமும் மாத்திரை போடுறது யாருக்குமே லேசில்லம்மா. போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?"

"வேலைக்குப் போற நாள்ல போடுறதில்ல டாக்டர்."

"ஏம்மா?"

"அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. வேலை செய்யுற இடத்துல பொம்பளைங்களுக்குக் கழிப்பறை இல்ல. சாயங்காலம் வரைக்கும் அடக்க முடியல. வீட்ல இருக்குற நாள்ல ஒழுங்காப் போடுறேன்."

கேள்வி கேட்ட விதத்தைக் கவனியுங்கள். 'மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா' என்று கேட்டிருந்தால் 'போடுகிறேன்' என்பதுதான் பதிலாக இருந்திருக்கும். தவறவிடுவது இயல்பு என்று முதலில் ஒப்புக்கொண்ட பிறகு கேட்டதால் உண்மை வந்தது. இந்தப் பெண் பொறுப்பில்லாதவர் இல்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்பவர். அவர் தன் நிலைமைக்கு ஏற்ற ஒரு முடிவை எடுத்திருக்கிறார், அது அவருக்குப் பாதகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இனி மாத்திரையை மாற்றுவதா, வேலை விட்டு வந்த பிறகு போடுவதா, இரண்டுக்கும் உள்ள நன்மை தீமை என்ன என்று இருவரும் சேர்ந்து பேசலாம். இரண்டாவது மாத்திரை தேவைப்படாமலேகூடப் போகலாம். இந்தப் பெண்ணிடம் பிறகு திரும்பி வருவோம், ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு பாதிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்தது, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனேயே மறந்துபோகிறது, நினைவில் நின்றதிலும் கிட்டத்தட்டப் பாதி தவறாக நிற்கிறது என்று மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "நான் தெளிவாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போனதும் உங்க மகள் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்கலாம். அவர் தன் வார்த்தையில் சொல்லும்போது எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். இங்கே தேர்வு எழுதுவது நோயாளி இல்லை, விளக்கியவர். இந்தத் தொனி தவறினால் நோயாளி பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் கூசிப்போவார்.

முடிவெடுப்பதில் பங்கு என்பது எல்லாவற்றிலும் 'உங்கள் விருப்பம்' என்று கைகழுவுவதில்லை. ஒருவருக்கு மூச்சு திணறும்போது யாரும் அவரிடம் ஆலோசனை நடத்துவதில்லை. ஆனால் ஆரம்ப நிலையில் வரும் பல முடிவுகளுக்கு ஒரே சரியான விடை கிடையாது. மாரடைப்பு இன்னும் வராத ஒருவர் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்குவதா என்பது அப்படிப்பட்ட ஒன்று. 'ஆபத்து முப்பது சதவீதம் குறையும்' என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது, பயம்தான் மிஞ்சும். 'உங்களைப் போன்ற 100 பேரில் அடுத்த பத்து வருடத்தில் 10 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். எல்லாரும் மாத்திரை போட்டால் அது 7 ஆகலாம். 90 பேருக்கு மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் வராது' என்று உதாரணக் கணக்காகச் சொன்னால், அது பேசக்கூடிய விஷயமாகிவிடும். ஒருவர் 'அந்த மூன்று பேரில் நான் இருக்கலாமே' என்று தொடங்குவார். இன்னொருவர் முதலில் நடந்து பார்க்கிறேன் என்பார். இரண்டு முடிவும் நியாயமானவையே.

பதிவேடு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நோயாளியைப் பற்றி மருத்துவர் எழுதி வைப்பதை நோயாளியே படிக்கலாமா? 2010இல் அமெரிக்காவின் மூன்று இடங்களில் 105 ஆரம்ப நிலை மருத்துவர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். குழப்பம் வரும், பயந்துபோவார்கள், தொலைபேசி ஓயாமல் அடிக்கும் என்றெல்லாம் முதலில் கவலை இருந்தது. ஒரு வருடம் கழித்து, இதை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்த மருத்துவர் ஒருவர்கூட இல்லை. நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லாருமே இது தொடர வேண்டும் என்றார்கள். மருந்தை முன்பைவிட ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று பலர் தெரிவித்தார்கள். 2021 ஏப்ரல் முதல் அந்த நாட்டில் குறிப்புகளைத் தாமதமின்றி நோயாளிக்குத் திறந்து காட்டுவது சட்டமாகிவிட்டது. கணினி இல்லாத இடத்திலும் இதற்கு வழி உண்டு: கையால் எழுதிய, அவரால் படிக்க முடிகிற ஒரு சிறிய அட்டை நோயாளியிடமே இருக்கட்டும். அதில் அவருடைய அளவுகள், மருந்துகள், அடுத்து என்ன என்பது இருந்தால், எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

தகவல் கொடுத்துவிட்டால் ஆள் மாறிவிடுவார் என்பது ரொம்ப நாளாக இருக்கும் நினைப்பு. கேட் லோரிக் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூட்டுவலி உள்ளவர்களுக்காக ஒரு வகுப்பை உருவாக்கினார். பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் மருத்துவத் துறையைச் சாராத சாதாரண ஆட்கள். பலருக்கு அதே மூட்டுவலி இருந்தது. வந்தவர்களுக்கு வலி குறைந்தது. உடற்பயிற்சி செய்ததால் குறைந்திருக்கும் என்று பார்த்தால், கணக்கு சரிவர ஒட்டவில்லை. பழக்கத்தை அதிகம் மாற்றியவர்களுக்குத்தான் அதிக நன்மை என்று சொல்ல முடியவில்லை. 'இந்த வலியை என்னால் சமாளிக்க முடியும்' என்ற நம்பிக்கை கூடியதோடுதான் நன்மை சேர்ந்து போனது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கிய தன்திறன் நம்பிக்கை என்ற கருத்து இதற்குப் பொருந்தியது. ஒருவருக்கு இந்த நம்பிக்கை வளர்வதற்கு முக்கியமான வழிகள் இரண்டு: சின்னதாக ஒன்றைத் தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது. மருத்துவரின் அறிவுரை இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது.

பிறகு அந்த வகுப்பு எல்லா நாள்பட்ட நோய்களுக்கும் விரிந்தது. வாரம் ஒருநாள், இரண்டரை மணி நேரம், ஆறு வாரம். அதில் வரும் ஒரு சின்ன வழக்கத்தை எந்தக் கிளினிக்கும் இன்றே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் செய்யப் போவது என்ன என்று நோயாளியே சொல்ல வேண்டும். 'உடற்பயிற்சி செய்வேன்' என்றால் போதாது. எதை, எவ்வளவு நேரம், எந்த நேரத்தில், வாரத்தில் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். அப்புறம், 'இதை முழுசாகச் செய்துவிடுவோம் என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு நம்பிக்கை?' என்று கேட்பார்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சுருக்குவார்கள். அரை மணி நடை பத்து நிமிடமாகும், ஐந்து நாள் மூன்று நாளாகும். மருத்துவம் வழக்கமாக எதிர்த்திசையில் போகும்: இலக்கைப் பெரிதாக வைத்து, எட்டாதபோது ஏமாற்றத்தைக் காட்டும். இங்கே எட்டக்கூடிய அளவுக்கு இலக்கை இறக்கி, எட்டிய அனுபவத்தை அடுத்ததற்கு முதலாக்குகிறார்கள்.

அறைக்கு வெளியே

அந்த 54 வயதுப் பெண்ணுக்கு மாத்திரை நேரத்தை மாற்றியாயிற்று. ஆனால் அவர் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இன்னும் இல்லை. அதே மாதத்தில் சிறுநீர்த் தொற்றோடு வந்த இரண்டு பேரும், தண்ணீரே குடிக்காமல் தலைவலியோடு வந்த ஒருவரும் அதே இடத்தில் வேலை செய்பவர்கள் என்று செவிலியருக்குத் தெரிந்தால்? தனித்தனிச் சீட்டுகளில் இருக்கும்போது இவை நான்கு நோய்கள். ஒன்றாக வைத்துப் பார்த்தால் அவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரே பிரச்சினை. இதை இப்படிச் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் இருப்பது ஆரம்ப நிலை மருத்துவம் மட்டுமே. சிறப்பு மருத்துவர் சிறுநீரகத்தைப் பார்ப்பார். அந்த நான்கு பேரையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காது.

சேர்த்துப் பார்த்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. 1940களில் தென்னாப்பிரிக்காவின் போலேலாவில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி ஒரு சுகாதார மையத்தை நடத்தினார்கள். வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதோடு, அந்த வட்டாரத்தின் வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊட்டச்சத்துக் குறைவு எங்கே எதனால் என்று பார்த்தார்கள். வீட்டுத் தோட்டங்களை ஊக்குவித்தார்கள். 1957இல் அங்கே வந்து வேலை பார்த்த அமெரிக்க மாணவர் ஜேக் கெய்கர், பத்து வருடம் கழித்து மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பேயூ என்ற ஊரில் இதையே தொடங்கினார். அங்கே கருப்பின மக்கள் கடும் வறுமையில் இருந்தார்கள். பசியால் மெலிந்த குழந்தைகளுக்கு மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார்கள்; கடைக்காரர்கள் உணவைக் கொடுத்துவிட்டு மையத்தின் மருந்தகக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டார்கள். மருந்துக்குக் கொடுத்த பணத்தை இப்படிச் செலவு செய்யலாமா என்று அதிகாரிகள் கேட்டபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருத்துவப் புத்தகம் சொல்லும் சிகிச்சை உணவுதான் என்று கெய்கர் பதில் சொன்னார்.

இந்தக் கதையை மருத்துவரின் துணிச்சலாகவே பலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ஜான் ஹேட்ச் என்ற சமூக அமைப்பாளர் வீடு வீடாகப் போய் மக்களைப் பேச வைத்தார், அவர்கள் சுகாதாரச் சங்கங்களாகக் கூடினார்கள், கடைசியில் தங்களுக்கான கூட்டுறவுப் பண்ணையையே நடத்தினார்கள். உணவுச் சீட்டு பசியை அந்த வாரத்துக்கு ஆற்றியது. பண்ணை அவர்கள் கையில் இருந்தது. அன்று தொடங்கிய சமூக சுகாதார மையங்கள் இன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கின்றன. அவற்றின் நிர்வாகக் குழுவில் 51 சதவீதமாவது அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. பிரேசிலிலும் 1990 சட்டப்படி சுகாதார மன்றங்களில் பாதி இடம் பயனாளிகளுக்கு.

நம் பக்கத்துக்கு வருவோம். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் குழுக்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2004இல் வெளிவந்தது. மாதம் ஒருமுறை கூட்டம். நடத்துபவர் மருத்துவப் பணியாளர் இல்லை. அந்தப் பகுதியிலேயே உள்ள ஒரு பெண். 'கர்ப்பிணிகள் செய்ய வேண்டியவை' என்று பாடம் எடுக்காமல், படங்களைக் காட்டி, 'நம் ஊரில் குழந்தைகள் ஏன் இறக்கின்றன' என்று அவர்களையே பேசவைத்தார்கள். எது பெரிய பிரச்சினை, அதற்கு என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஒரு குழு அவசரத்துக்குப் பணம் சேர்த்தது, இன்னொன்று தூக்கிச் செல்லத் தூளி ஏற்பாடு செய்தது, சுத்தமான பிரசவத்துக்கான பொட்டலங்களைத் தயாரித்தார்கள். அந்தப் பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 30 சதவீதம் குறைந்தது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடிப் பகுதிகளில் நடந்து 2010இல் வெளியான சோதனையில் 32 சதவீதம் குறைந்தது. 2014இல் உலக சுகாதார நிறுவனமே இந்த முறையைப் பரிந்துரைத்தது. இதுபோன்ற சோதனைகளைச் சேர்த்து அலசியதில் இன்னொன்றும் தெரிந்தது: ஊரிலுள்ள கர்ப்பிணிகளில் 30 சதவீதமாவது கூட்டத்துக்கு வந்த இடங்களில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. பத்துப் பேரைக் கூட்டிப் படம் எடுத்துப் போட்டால் ஒன்றும் நடக்காது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி ஊர்ப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். நோய்த்தொற்றைக் கண்டுபிடித்து ஊசி போடுவது வரை அதில் உண்டு. மூன்றாவது வருடத்தில் அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பிட்ட கிராமங்களைவிட 62 சதவீதம் குறைவாக இருந்தது. 1999இல் இது வெளியானது. மருத்துவமனை கட்டும்போதும் பழங்குடி மக்களைக் கேட்டார்கள். அவர்கள் குடியிருப்பைப் போலவே குடில்களாகக் கட்டி, அவர்கள் வணங்கும் தந்தேஸ்வரியின் பெயரை வைத்தார்கள். வசதி பார்த்துக் கட்டியிருந்தால் கட்டடம் வேறு மாதிரி வந்திருக்கும், வருகிறவர்கள் குறைந்திருப்பார்கள்.

தடுமாறும் இடங்கள்

அதிகாரமளித்தல் என்ற பெயரில் சுமையை நோயாளி தலையில் ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. 'உங்கள் ஆரோக்கியம் உங்கள் பொறுப்பு' என்று சொல்லிவிட்டு, மருந்து கிடைக்காதபோதும் நல்ல தண்ணீர் இல்லாதபோதும் அதே வாக்கியத்தைச் சொன்னால், அது கைவிடுவதற்கு ஒரு நல்ல பெயர். பொறுப்பைக் கொடுக்கும் அளவுக்கு வசதியும் செல்வாக்கும் சேர்ந்து போக வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் பல வருடம் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் ஒரு விதியை எழுதினார்: நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படும் மக்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. நம் வேலையும் இந்த விதிக்குத் தப்பாது. கேள்வி கேட்கத் தெரிந்தவர், பேசிப் பழகியவர், நேரம் உள்ளவர் கூட்டத்துக்கு வருவார். தினக்கூலிக்குப் போகிறவரும், வீட்டை விட்டு வர அனுமதி கேட்க வேண்டியவரும், சைகை மொழி பேசுபவரும் வரமாட்டார்கள். கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் வராதவர்களைக் கேட்டு முடிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே ஏமாற்று வேலை. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. மேலே கூட்டாக முடிவெடுப்பதும் மக்களே நடத்துவதும். பெரும்பாலான கருத்துப் பெட்டிகளும் ஆலோசனைக் குழுக்களும் நடுப்படியில் நின்றுவிடுகின்றன. ஒரு குழு எந்தப் படியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: அவர்கள் 'வேண்டாம்' என்று சொன்னால் அந்தத் திட்டம் நிற்குமா?

எல்லாரும் முடிவெடுக்க விரும்புவதும் இல்லை. 'நீங்களே சொல்லுங்க டாக்டர்' என்பவரைக் கட்டாயப்படுத்துவது இன்னொரு விதமான அதிகாரம். அவருக்கு எது முக்கியம், எதைப் பற்றிப் பயம் என்று கேட்டுவிட்டு, அதற்கேற்பப் பரிந்துரைத்தால் போதும். பிறகு ஒருநாள் அவர் மனம் மாறலாம்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. தன் வேலையில் எந்தச் சொல்லுரிமையும் இல்லாத செவிலியரால் அடுத்தவருக்கு அதை எப்படிக் கொடுக்க முடியும்? மேலிருந்து வரும் இலக்குகளை நிரப்புவதற்கே நாள் போய்விடும் களப்பணியாளருக்கு, ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து கேட்க நேரம் கிடைக்காது. ஒரு மையத்தின் தலைவர் முதலில் தன் பணியாளர்களை முடிவெடுக்க விட வேண்டும்.

தொடங்குவது எப்படி

பெரிய திட்டம் தேவையில்லை. ஒரு மருத்துவர் நாளைக்கே இரண்டு நிமிடம் குறுக்கிடாமல் கேட்கலாம். செவிலியர், ரத்த அழுத்தக் கருவியை நோயாளியிடம் கொடுத்து அளக்கச் சொல்லிக்கொடுத்து, எந்த அளவுக்கு மேல் போனால் வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். மருந்தாளுநர், எந்த மாத்திரை எதற்கு என்று சீட்டின் ஓரத்தில் தமிழில் எழுதலாம். ஒரே நோய் உள்ள எட்டுப் பத்துப் பேரை ஒரே நேரத்தில் வரச்சொல்லி, வைத்தியம் முடிந்ததும் அரை மணி நேரம் அவர்களையே பேசிக்கொள்ள விடலாம். அங்கே கிடைக்கும் யோசனைகள் பல நேரம் மருத்துவரிடம் இருக்காது. இன்சுலின் ஊசியைப் பயந்து பயந்து போட்டுக்கொள்பவருக்கு, பத்து வருடமாகப் போட்டுக்கொள்பவர் ஒருவர் காட்டித் தருவதற்கு ஈடாக ஒரு துண்டறிக்கை வராது.

ஊர்க் கூட்டம் கூட்டினால், முதலில் வரும் கோரிக்கைகள் மருத்துவத்தோடு ஒட்டாதவை போலத் தோன்றும். காத்திருக்கும் இடத்தில் நிழல் வேண்டும், பேருந்து வரும் நேரத்துக்கு முன்பே சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுகிறீர்கள், உள்ளே கூப்பிடும்போது நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறீர்கள். இவற்றைத் தள்ளிவிட்டு, தயாராக வைத்திருக்கும் சர்க்கரை நோய்ப் படங்களைக் காட்ட ஆசையாக இருக்கும். காட்ட வேண்டாம். உங்கள் கையில் இருப்பதை அடுத்த கூட்டத்துக்குள் சரிசெய்துவிடுங்கள், நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்வதை அன்றைக்கே நிறுத்தலாம். முடியாததற்கு என்ன காரணம், யாரிடம் கேட்க வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். கேட்கப் போகும்போது அவர்களில் இரண்டு பேரைக் கூட அழைத்துப் போங்கள். அடுத்த கூட்டத்தில் எதைப் பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.